ஸலாஹுதீனின் பெருநாள் சப்பாத்து

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், அஸர் தொழுகை முடிந்த கையோடு, பர்ஸான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். பெட்ரோல் டாங்கியின்மேல் ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. பின்னால் கட்டினால் நசுங்கிவிடும் என்று பயந்து முன்னால் வைத்துக்கொண்டான். பாண்டிருப்பில் ஒரு குழி, கல்முனைச் சந்தியில் குறுக்கே வந்த ஒரு பஸ். இரண்டு இடத்திலும் பெட்டியைத்தான் முதலில் பிடித்தான், பிறகுதான் பிரேக்கை.

பெட்டிக்குள் அவன் மகனுக்கு வாங்கிய சப்பாத்து. நீல நிறம், வெள்ளை அடி, கயிறு கட்டும் வேலையில்லாத ஒட்டுப் பட்டி. மகனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள். பெயர் ஸலாஹுதீன். கோட்டை பிடித்த சுல்தானின் பெயரைத் தொட்டிலில் கிடக்கிற ஒரு கைப்பிடிச் சதைக்கு வைக்கிறார்களே என்று பெயர் வைத்த அன்றே சிலர் சிரித்தார்கள். வீட்டில் ஸலா என்றுதான் கூப்பிட்டார்கள்.

பர்ஸான் அலுமினியக் கதவு, ஜன்னல் பொருத்துகிறவன். கைவேலை சுத்தம், வாய்தான் கரடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு வந்து பெண் வீட்டில் குடியேறுவார். ஒத்துவராமல் போனால் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதும் அவர்தான். பர்ஸானும் அப்படித்தான் வந்தான், அப்படித்தான் போனான். என்ன பெரிய காரணம் என்று கேட்டால் ஒருவராலும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. மனைவி அஸ்மியாவின் காக்கா, அதாவது அண்ணன், நிஸாமோடு ஒரு வாக்குவாதம். அதில் அஸ்மியா தன் காக்காவுக்குப் பரிந்து பேசினாள் என்று ஒரு கோபம். கோபித்துக்கொண்டு போனவனை யாரும் வந்து கூப்பிடவில்லை என்று அதைவிடப் பெரிய கோபம். அவன் வரட்டும் என்று இவர்களும், இவர்கள் கூப்பிடட்டும் என்று அவனும் முறைத்துக்கொண்டே இருந்து, கடைசியில் காழியாரிடம் போய் விவாகரத்தில் முடிந்தது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசியிருந்தால் போதும். இதை நினைத்தால் கேட்கிற நமக்கே எரிச்சல் வருகிறது.

பிள்ளை தாயோடு. வெள்ளிக்கிழமைகளில் தகப்பன் வந்து பார்க்கலாம். அதில் யாருக்கும் மறுப்பில்லை. வெளியே கொண்டு போவதில்தான் இழுபறி. பள்ளிவாசலில் அந்தக் குடிக்குப் பொறுப்பான ஷரிபுதீன் மரைக்கார் இரண்டு பகுதியையும் முன்னால் இருத்தி, அதிகம் வளர்த்தாமல் தீர்த்துவைத்தார்.

"புள்ள அழாமப் போனாக் கொண்டு போ. அழுதா அந்த இடத்திலேயே விட்டுட்டுப் போ. அவ்வளவுதான்."

நோன்புப் பெருநாளன்று முதல் தடவையாக முயன்றான். மோட்டார் சைக்கிளை உதைத்ததும் ஸலா போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்க வெளியே வந்து பார்த்தது. விட்டுவிட்டுப் போனான். மரைக்கார் அதற்கும் ஒரு வழி சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இன்னொரு தடவை பார்க்கட்டும். அப்போதும் அழுதால், பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை பர்ஸான் வெளியே கொண்டு போகக் கேட்கக் கூடாது. பர்ஸான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்தான். யோசித்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

அந்த இன்னொரு தடவை இன்றைக்குத்தான். மருதமுனையில் அவனுடைய மூத்த சகோதரி ஆகிலா ராத்தா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஸலாவை அவர்கள் கடைசியாகப் பார்த்தது கைக்குழந்தையாக. ஆகிலா பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். பிள்ளைகள் யாராவது கைவைத்தால் கை முறியும் என்று சொல்லியும் வைத்திருந்தாள்.

பெருநாள் உடுப்பைத் தாய் வீட்டில் எடுத்துவிட்டார்கள். சப்பாத்தையாவது நான்தான் வாங்குவேன் என்று பர்ஸான் நிஸாமிடம் போனில் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான். ஜன்னல் சட்டத்தில் ஒரு நூல் பிசகாமல் அளவெடுக்கிறவன், கல்முனைக் கடையில் மகனின் கால் அளவு தெரியாமல் முழித்தான். போன வெள்ளிக்கிழமை மடியில் இருந்தபோது பிடித்துப் பார்த்த காலை நினைவில் வைத்து, விரல்களை விரித்துக் காட்டினான். கடைக்காரர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பெரிதாகவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அதைப் பற்றி அவனுக்கு வழியெல்லாம் கவலை.

கேற்றை நிஸாம் திறந்தான். நிஸாம் இந்த வீட்டில் இருப்பவனல்ல. அவனும் மாப்பிள்ளைதானே, அடுத்த ஒழுங்கையில் தன் மனைவி வீட்டில் இருக்கிறான். பர்ஸான் வரும் நாட்களில் மட்டும் காவலுக்கு வருவான். அஸ்மியாவின் உம்மா பெருநாளுக்கு மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்ததால், இன்று வீட்டில் அஸ்மியாவும் பிள்ளையும் நிஸாமும் மட்டும்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க, இரிங்க."

முன்பெல்லாம் "டேய் மச்சான்" என்று முதுகில் அடிக்கிறவன். இப்போது வாங்க, இரிங்க. மரியாதை கூடக் கூட எவ்வளவு தூரமாகிவிட்டோம் என்று பர்ஸானுக்குத் தெரிந்தது. அவனும் நிஸாமை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தான்.

ஹோலுக்கும் உள் அறைக்கும் நடுவில் தடித்த பச்சைத் திரை தொங்கியது. விவாகரத்தாகி, இத்தா என்ற காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டால் பழைய புருஷன் அந்நிய ஆண்தான். ஒரே பீங்கானில் சாப்பிட்டவர்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதனால் அவன் ஹோலில் இருந்தால் அஸ்மியா திரைக்கு அந்தப் பக்கம். சொல்ல வேண்டியதெல்லாம் நிஸாம் வழியாக.

"காக்கா, டீ ஊத்தி வெச்சிரிக்கன். குடிக்கிறாரா எண்டு கேளுங்க."

பர்ஸானுக்கு இது தெளிவாகக் கேட்கும். கேட்காதவன் மாதிரி சுவரைப் பார்ப்பான்.

"டீ குடிக்கிறீங்களா?" என்று நிஸாம் கேட்பான்.

"ஓம், குடிக்கலாம்."

அது அவளுக்கும் கேட்கும். ஆனாலும் நிஸாம் எழுந்து போய், "குடிக்கிறாராம்" என்று சொல்லித்தான் டீ வாங்கி வருவான். பாவம், இரண்டு முழு மனிதர்களுக்கு நடுவில் ஒரு முழு மனிதன் தபால்காரனாக நின்றான்.

டீயோடு ஸலாவும் வந்தான். வெள்ளை சேட், கறுப்புக் கால்சட்டை, தலையில் எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தது. வெறுங்கால். வாப்பாவைக் கண்டதும் நின்று, யோசித்து, பிறகு நேரே வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பர்ஸானுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாரா வாரம் வந்தது வீண்போகவில்லை. தூக்கி மடியில் வைத்தான். பிள்ளை அவன் தாடியைப் பிடித்து இழுத்தான், சட்டைப் பையில் கையை விட்டான், பேனையை எடுத்தான். எல்லாம் நல்லபடியாகப் போனது. இப்படியே போனால் அழாமல் வந்துவிடுவான் என்று நிஸாமின் முகத்திலேயே எழுதியிருந்தது. நிஸாமின் முகம் அதற்காகச் சந்தோஷப்படவில்லை.

"இஞ்ச பாரு மகன், வாப்பா என்ன கொண்டு வந்திரிக்கன்."

பெட்டியைத் திறந்தான். ஸலாவுக்கு வாய் பிளந்தது. ஒரு சப்பாத்தைத் தூக்கினான், மணந்தான், நாக்கால் ஒரு தடவை பார்த்தான். பிறகு தரையில் வைத்து "பூம், பூம்" என்று கார் ஓட்டினான். மற்றதை எடுத்துப் பின்னால் விட்டு இரண்டு கார் ஆக்கினான். பர்ஸான் நிஸாமைப் பார்த்துச் சிரித்தான். பார்த்தீர்களா என்ற சிரிப்பு.

"சரி, இப்ப காலக் காட்டு, போடுவம்."

காலுறையான மேசைப் போடும்வரைக்கும் சிரித்துக்கொண்டு இருந்தவன்தான். சப்பாத்து காலுக்குப் பக்கத்தில் வந்ததும் முகம் மாறியது. காலை உள்ளே இழுத்தான். பர்ஸான் குதிக்காலைப் பிடித்தான். பிள்ளை ஐந்து விரலையும் சுருட்டிக்கொண்டு, உடம்பை விறைப்பாக்கி, மடியிலிருந்து வழுக்கிக் கீழே போனான். போகும்போது ஒரு கத்தல்.

"இறுக்கமோ தெரியா," என்றான் நிஸாம்.

"பெரிசாத்தான் வாங்கினன்."

"அப்ப பெரிசோ தெரியா."

பர்ஸான் சப்பாத்தின் நாக்கை மேலே இழுத்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தான். குத்துகிற மாதிரி ஒன்றுமில்லை. உள்ளிருந்த கடுதாசியைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொண்டு வந்திருந்தான். பவுடர் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்று நிஸாம் சொன்னான். பவுடர் வந்தது. சப்பாத்துக்குள் பாதி, தரையில் பாதி. நிஸாம் பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே பிடித்துத் தூக்கிக்கொள்ள, பர்ஸான் கீழே குந்தி, தொங்கும் காலில் சப்பாத்தை மாட்டப் பார்த்தான். காற்றில் சைக்கிள் மிதிக்கிற காலில் யார் சப்பாத்து மாட்ட முடியும்? ஒன்று அவன் மூக்கில் பட்டது.

போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டினார்கள். ஸலா கண்ணைக் கார்ட்டூனிலும் காலைத் தன் வசத்திலும் வைத்திருந்தான். பிஸ்கட் கொடுத்தார்கள். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள் வியர்த்து ஒழுகினார்கள்.

"ஆ... ஆ..." என்று அவன் உதடு கோணத் தொடங்கியது.

"அழப் போறான்," என்றான் நிஸாம்.

"இது அழுகயில்ல. கத்துறான்."

"கத்தல்தான் அழுகயாகிறது."

"கண்ணீர் வரல்லியே!"

"வரும்."

பர்ஸான் சட்டென்று கையை எடுத்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தால் எல்லாம் போச்சு. மூன்று வருடம், நான்கு வருடம், யார் கண்டது, அதுவரை இந்தக் கதிரையும் இந்தத் திரையும்தான்.

நிஸாம் நியாயமான ஒன்றைச் சொன்னான். "சப்பாத்த விட்டுட்டுச் சும்மா கொண்டு போங்களன். வெறுங்காலோட போனா என்ன? சின்னப் புள்ளதானே."

அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பர்ஸானுக்குள் இருக்கிற அந்தக் கரடு எழுந்து நின்றது. ராத்தா வீட்டில் சொந்தக்காரர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வாப்பா உயிரோடு இருக்கிற பிள்ளையை வெறுங்காலோடு இறக்குவதா? பார், தகப்பன் ஒரு சப்பாத்துக்கூட வாங்கிக் கொடுக்கவில்லை என்று பேசமாட்டார்களா? வாங்கினேன், போடவில்லை என்று எல்லோரிடமும் நின்று விளக்கம் சொல்வதா?

"வெறுங்காலோட நான் கொண்டு போகமாட்டன்," என்றான்.

அந்த நேரம் பார்த்து ஸலா ஒரு சப்பாத்தைத் தூக்கி வாசல் பக்கம் எறிந்தான். அது சறுக்கிக்கொண்டு போய்க் கதவடியில் நின்றது. மற்றதையும் எறிந்தான். கோபத்தில் எறிகிற மாதிரியும் தெரியவில்லை. தன் வேலையைச் செய்கிறவன் மாதிரி செய்துவிட்டு, வாப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

பர்ஸானுக்குக் காது சூடானது. இந்த வீட்டில் கோபம் வந்த பழைய நாட்களில் என்ன செய்தானோ அதையே செய்தான். வாயைத் திறந்தான்.

"இது தானா வந்த பழக்கமில்ல. ஆரோ சொல்லிக் குடுத்திரிக்காங்க. வாப்பா தந்தத்தப் போடப்படாது, வாப்பாவோட போகப்படாது எண்டு. ரெண்டு வயசுப் புள்ளக்கி இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"வார்த்தய அளந்து கதைங்க," என்றான் நிஸாம். அவனும் எழுந்துவிட்டான்.

"நான் அளந்துதான் கதைக்கிறன். மரைக்காருக்கிட்டயும் இதத்தான் சொல்லுவன்."

"சொல்லுங்க. புள்ள அழுதான் எண்டதயும் சேத்துச் சொல்லுங்க."

திரை அசையவில்லை. உள்ளே இருந்து ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அதுவே பர்ஸானுக்குச் சாட்சியாகப் பட்டது. குற்றமில்லாதவள் என்றால் பேசுவாள்தானே. கதவடிக்குப் போய்ச் சப்பாத்துகளைப் பொறுக்கினான். பெட்டிக்குள் வைத்தான். மூடியைப் போட்டான். மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் எழும்பி நின்றது. அதை அமத்திக்கொண்டே நின்றான். கோபம் இறங்கிவிட்டது, அதற்குப் பதிலாக ஒரு வெறுமை வந்தது. அழாமல் கொண்டுபோக வந்தவன், அவனே பிள்ளையை அழவைக்கப் பார்த்திருக்கிறான். ஆகிலா மூடி வைத்த கிண்ணத்துக்கு என்ன சொல்வது?

"நான் போறன்," என்றான். "மரைக்காருக்கு நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. நானே சொல்லிக்கிறன். ஏலாமப் போச்செண்டு."

கதவு நிலையைத் தாண்டி ஒரு கால் வைத்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காக்கா, அவரிட்டச் சொல்லுங்க. உள்ளுக்க வெச்சுப் போட்டா அவன் போடமாட்டான்."

பர்ஸான் நின்றான். நிஸாமும் இந்தத் தடவை தபால் கொண்டு போகவில்லை, திரையையே பார்த்தான்.

"இது நாங்க தொழுற ஹோல்," என்றது குரல். "சப்பாத்து, செருப்பு ஒண்டும் உள்ளுக்க வரப்படாதெண்டு நான்தான் அவனப் பழக்கி வெச்சிரிக்கன். கால்ல செருப்போட வாசலத் தாண்டினா நான் சத்தம் போடுவன். புதுச் சப்பாத்தெண்டா ஊத்த இல்ல, உள்ளுக்கயும் போடலாம் எண்டு நமக்குத் தெரியும். அவனுக்கு எப்பிடித் தெரியும்? உள்ளுக்க கண்டா அவன் எடுத்து வெளியதான் எறிவான். படியில கொண்டு போய் இருத்தினாக் காலத் தானே நீட்டுவான்."

இத்தனை நேரமும் இரண்டு ஆண்கள் பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் பாடுபட்டதை, திரைக்கு அந்தப் பக்கம் இதைத் தெரிந்த ஒருத்தி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பர்ஸானுக்கு முதலில் வந்தது கோபம்தான். தெரிந்துகொண்டு ஏன் வாயைத் திறக்கவில்லை? அதற்குப் பதிலை நிஸாம் சொல்லிவிட்டான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான், ஆனால் நிஸாமுக்குத் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

"உனக்கென்ன விசரா? அவர் போகத்தானே வெளிக்கிட்டார். நீ பேசாம இரிந்திருந்தா இவன் இஞ்சேயே இரிந்திருப்பான்."

"தெரியும் காக்கா," என்றாள் அஸ்மியா.

பர்ஸான் பெட்டியோடு வாசலில் நின்றான். கொஞ்சம் முன்னால் அவன் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவனையே சுற்றி வந்தன. ஆரோ சொல்லிக் குடுத்திரிக்காங்க. ஓம், சொல்லிக் கொடுத்திருக்கிறாள்தான். தொழுகிற இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவன் வெட்கப்பட்டான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. யாரிடம் கேட்பது, திரையிடமா, நிஸாமிடமா என்று தெரியாமல் ஸலாவைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"வா மகன். வெளிய போவம்."

ஸலா வந்தான். வாசலுக்கு வெளியே மூன்று படி. நடுப்படியில் பிள்ளையை இருத்தி, கீழ்ப்படியில் பர்ஸான் குந்தினான். பெட்டியைத் திறந்து சப்பாத்தை எடுத்ததும், இவ்வளவு நேரம் இரும்பாக இருந்த கால் தானாக நீண்டு வந்தது. பெருவிரலை மேலே தூக்கி, சரியாக நீட்டிக்கொடுத்தான். பழக்கப்பட்டவன். ஒன்று உள்ளே போனது. மற்றக் காலும் நீண்டது. ஒட்டுப் பட்டியைத் தானே அமத்தினான். சப்பாத்து கொஞ்சம் பெரிதுதான், நடந்தபோது குதிக்காலில் மேலும் கீழும் ஆடியது. ஆனாலும் கேற் வரைக்கும் போய், திரும்பி, மறுபடி போய், கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தான். பர்ஸான் சிரித்தான். நிஸாமும், வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும், சிரித்துவிட்டான்.

"போவமா? மாமி வீட்ட போவமா? வட்டிலப்பம் சாப்பிடுவமா?"

ஸலா மோட்டார் சைக்கிளைப் பார்த்தான். சீட்டைத் தட்டினான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் போல வாசலுக்கு ஓடினான். கதவு நிலைக்கு வெளியே நின்றுகொண்டான். காலில் சப்பாத்து இருக்கிறது, உள்ளே போகமாட்டான். நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உம்மா, வா."

சப்பாத்துக் காலால் நிலையைத் தட்டினான்.

"உம்மா, வா!" இரண்டாம் தடவை குரல் கொஞ்சம் உடைந்தது.

"நான் இஞ்ச இரிக்கன் மனே. நீ போயிட்டு வா," என்றது திரை. பிள்ளைக்கு அது போதாது. புதுச் சப்பாத்தை உம்மாவுக்குக் காட்ட வேண்டும். உம்மா வெளியே வந்து பார்க்க வேண்டும். உம்மாவோ வரமுடியாது, முற்றத்தில் பர்ஸான் நிற்கிறான். ஸலாவின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது. நிஸாம் அதைப் பார்த்தான், பர்ஸானைப் பார்த்தான். இப்போது பிள்ளையை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஒழுங்கை தாண்டுவதற்குள் அழுவான். அள்ளாமல் விட்டால் இங்கேயே அழுவான்.

பர்ஸான் கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனான். ஒழுங்கையில் இறங்கி, வீட்டுக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கத்து மதிலைப் பார்த்து நின்றுகொண்டான்.

"நான் திரும்ப மாட்டன்," என்று பின்னால் நிற்கும் நிஸாமுக்குச் சொன்னான். "வரச் சொல்லுங்க."

மதிலில் பழைய தேர்தல் நோட்டீஸ் ஒன்று பாதி கிழிந்து கிடந்தது. அதை வாசித்தான். ஒன்றும் தலையில் ஏறவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. இதைவிட மடத்தனம் வேறு இருக்க முடியுமா? பிள்ளை சப்பாத்தும் போட்டாயிற்று, மோட்டார் சைக்கிளையும் தொட்டாயிற்று, இந்த நேரத்தில் போய்த் தாயின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். ஒரு தடவை கட்டிப்பிடித்துக்கொண்டால் விடுவானா? அவள் ஒரு சொல் சொன்னால் போதும், அழ ஆரம்பித்துவிடுவான். அவள் சொல்லவும் தேவையில்லை, தூக்கினாலே போதும். ஆனாலும் திரும்பிப் போக அவனுக்குக் கால் வரவில்லை.

திரை வளையங்கள் கம்பியில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு படியில் மெல்லிய காலடி.

"ஓ, சப்பாத்தா? என்ட மகன்ட சப்பாத்தா? எவ்வளவு வடிவு." பிறகு ஏதோ முணுமுணுப்பு. ஓதி ஊதுகிறாள் போலிருந்தது. முத்தமிடும் சத்தம். ஸலாவின் சிரிப்பு.

அதற்குப் பிறகு அழுகை கேட்டது.

பர்ஸான் கண்ணை மூடினான். முடிந்தது, என்று நினைத்தான். மரைக்கார் சொன்னது சொன்னதுதான். அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். சாவியை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். அப்போதுதான் அந்தச் சத்தத்தை ஒழுங்காகக் கேட்டான். அது பிள்ளையின் அழுகை இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தொண்டைக்குள்ளேயே விழுங்கப் பார்த்து, முடியாமல் வெளியே வருகிற அழுகை. அந்த அழுகையை அவனுக்குத் தெரியும். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கேற்றைத் தாண்டிய அன்று அதே சத்தம்தான் பின்னால் கேட்டது. அன்றைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை அழக்கூடாது என்றுதான் பேச்சு. தாய் அழுவதைப் பற்றி யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை.

சப்பாத்துக் கால்கள் முற்றத்தைத் தாண்டி, கேற்றடிக்கு வந்து, ஒழுங்கை மணலில் இறங்கின. ஒரு சின்னக் கை, பிஸ்கட் பிசுபிசுப்போடு, அவன் சுட்டுவிரலைப் பிடித்தது.

"வாப்பா, போ," என்றான் ஸலா.

பர்ஸான் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தான். நிஸாமிடம் சொல்லியனுப்பலாமா என்று ஒரு கணம் பார்த்தான். அதற்குள் படியிலிருந்து அவளே பேசினாள். நிஸாமுக்கு அல்ல, பிள்ளைக்கும் அல்ல. அவனுக்கே நேராக.

"அங்க போனாலும் வாசல்லேயே கழட்டிருவான். திரும்பி வரக்குள்ள உள்ளுக்க வெச்சுப் போட்டு அழ வெச்சிராதிங்க. வெளிய இருத்திப் போட்டு, இருட்டுறத்துக்கு முந்திக் கொண்டாங்க."

"நான் கதைச்சதெல்லாம் பிழ, அஸ்மியா," என்றான் அவன், மதிலைப் பார்த்தபடியே. "வெளிய இருத்தித்தான் போடுவன். கொண்டு வருவன்."